எழுநூற்றைம்பது மில்லி

ஒரு நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லி.
அதற்குள்தான் டீ, ரசம், மாத்திரை விழுங்கும் மடக்கு,
பல் தேய்த்தபின் வாயில் தங்கிவிடும் துளி.
நாற்பது பக்க நோட்டில் எழுதி வைக்கிறேன்.
துறைமுகத்து ஐஸ் கம்பெனியில்
பத்தொன்பது வருஷம் பாளம் உடைத்தவன்.
தோளில் சாக்கு, சாக்கில் ஈரம்,
அந்த நாளில் என் சட்டை காய்ந்ததே இல்லை.
இப்போது நாக்கு மரப்பட்டை.

உப்பும் கூடாது என்கிறார்கள்.
வீடு உப்பனாற்றங்கரையில்.
உலகத்துக்கு உப்பாக இருக்கணும் என்று
ஞாயிறு பள்ளியில் கைதட்டிப் படித்தவன்
உப்பில்லாக் கஞ்சியைப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறேன்.

செவ்வாய், வியாழன், சனி
மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி, ஆறாம் கட்டில்.
சனிக்கிழமை ரத்தம் கழுவி வந்தால்
ஞாயிறு எழுந்திருக்க முடியாது.
முதல் மணி கேட்கும். இரண்டாம் மணி.
கிரேஸ்லின் முக்காடிட்டுக் கிளம்புவாள்.
படுத்தபடியே பாட்டு முணுமுணுப்பேன்,
இரண்டாம் சரணத்தில் மூச்சு வாங்கும்.
மூன்றாவதை அவரே பாடிக்கொள்ளட்டும்.

மாதக் கடைசியில் போதகர் ஞானபரணம்
ஸ்கூட்டரில் திருவிருந்துப் பெட்டியோடு வந்தார்.
ஒரு சின்னக் கரண்டி திராட்சை ரசம்.
அவர் போன பிறகு நோட்டை எடுத்தேன்.
எழுதலாமா கூடாதா என்று அரை மணி நேரம்.
எழுதினேன்:
இரட்சகரின் இரத்தம் – ஐந்து மில்லி.

ஏழாம் கட்டில் ஆதிமூலம்.
பண்ருட்டி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர்.
விசில் ஊதிய வாய் சும்மா இருக்காது.
"உங்க சாமி தண்ணி மேலயே நடந்தாராமே,
ஒரு டம்ளர் குடிக்க விடமாட்டேங்குறாரே?"
முன்பென்றால் பதில் வைத்திருப்பேன்.
ஐஸ் கம்பெனி வாசலில் துண்டுப்பிரதி கொடுத்த காலத்தில்
எதற்கும் என்னிடம் பதில் இருந்தது.
"எனக்கும் அதே சந்தேகம்தான்" என்றேன்.
அன்றிலிருந்துதான் அவர் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்.

ஆடியில் ஒரு வியாழன், மூன்றாம் மணி நேரம்.
அவருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது.
நர்ஸ் அந்தக் கோடியில்.
என் இடக்கையில் இரண்டு ஊசி,
வலக்கையை நீட்டினேன், எட்டவில்லை.
ஜெபம் என்று கோவையாக ஒன்றும் வரவில்லை.
"ஆண்டவரே, காலு. காலு, ஆண்டவரே."
அவ்வளவுதான்.
நர்ஸ் ஓடி வந்து சலைன் ஏற்றினாள், விட்டது.
"இதுக்கு டிக்கெட் எவ்வளவுப்பா?" வியர்வையோடு கேட்டார்.
"பாஸ். உங்க பேருக்கு ஏற்கெனவே எடுத்தாச்சு."
"யாரு எடுத்தா?"

அந்தக் கேள்விக்கு ஒரு மாதம் பிடித்தது.
ரத்தம் போய்த் திரும்பும் நேரங்களில்
துண்டு துண்டாகச் சொன்னேன்.
கொட்டிலைச் சொன்னேன், கிழியாத வலையைச் சொன்னேன்.
நடுவில் தூங்கிப்போனார், நானும் தூங்கிப்போனேன்.
ஒருநாள் சிலுவைக்கு வந்தோம்.
தாகமென்று கேட்டார் என்றேன்.
மெஷின் சத்தம் மட்டும்.
"குடுத்தாங்களா?"
"காடி குடுத்தாங்க."
ஆதிமூலம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.
வேறெந்த வார்டிலாவது
இதை நான் விளக்க வேண்டியிருந்திருக்கும்.

அடுத்த சனி பிளாஸ்க் கொண்டுவந்தார்.
உள்ளே மூன்று ஐஸ் கட்டி.
ஒன்று எனக்கு, "பழைய தொழில்காரனுக்கு."
ஒன்று அவர் வாயில்.
மூன்றாவதை எவர்சில்வர் டம்ளரில் போட்டு
கட்டில்களுக்கு நடுவே ஸ்டூலில் வைத்தார்.
யாருக்கென்று நான் கேட்கவில்லை.
அது உருகுவதைப் பார்த்தபடி
நான்கு மணி நேரம் கிடந்தோம்,
நாக்கு வறண்ட இரண்டு பேர்.

சாயங்காலம் ஆயா வந்து டம்ளரைத் தூக்கினாள்.
"யாரோட தண்ணி இது? ஊத்திடவா?"
"வையி" என்றார் ஆதிமூலம்.
"ஆளு வருவாரு."