மூன்றாவது தட்டு

எனக்கு முடிவு தெரியும்.
சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கே தெரியும்.
புஷ்பலீலா மேடம் பழைய டைரியைத் திருப்பி
விரல் வைத்துக் காட்டினார்:
பதினாலாவது நிமிடம், மேல்கயிறு, முழங்கை, மூன்று.
பகலில் அவர் வியாசர்பாடி டெப்போவில்
எந்த வண்டிக்கு எந்த டிரைவர் என்று எழுதுகிறவர்.
ராத்திரியில்
எந்த முதுகு எப்போது தரையைத் தொடும் என்று.

ஜெயிக்க வேண்டியவன் வெள்ளைப் புயல்.
பெயர் இக்பால். போஸ்டரில் முக்கால்வாசி அவன் மார்பு.
தோற்க வேண்டியவன் கருஞ்சுறா,
காசிமேட்டுத் தேவசகாயம்.
போஸ்டரில் பல் மட்டும்.

போன மாதம் தாம்பரத்தில்
இதே இருவர், இதே பதினாலு நிமிடம்.
ஒரு அடி தப்பவில்லை,
பலகை அதிரும்படி விழுந்தார்கள்.
முன்வரிசையில் ஒருவர்
வேர்க்கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார்.
தெரிந்த முடிவுக்கு
யார் மூச்சைப் பிடிப்பார்?

இன்று புளியந்தோப்பு, பள்ளிக்கூட மைதானம்.
காசிமேட்டிலிருந்து மூன்று குட்டியானை நிறைய ஆள்.
ஐஸ்பெட்டி வாசத்தோடு இறங்கி
சுறா சுறா என்கிறார்கள்.
அவன் குழம்பிப்போனான்.
திட்டு வாங்கத்தானே அவனுக்குச் சம்பளம்.
கூட்டத்தைப் பார்த்துத் துப்பினான். விசில்.
"ஒங்க மீனு நாறுது" என்றான்.
"ஆமாண்டா, வூட்டுக்கு வா, கொழம்பு கீது."

புயல் கைகுலுக்க நீட்டினான், எழுதியிருந்தபடி.
ஊ என்று ஒரு சத்தம்.
ஆயிரம் பேர் இல்லை, நானூற்றுச் சொச்சம்தான்,
ஆனால் அது என் பனியனுக்குள் புகுந்தது.
எட்டு வருடம் நல்லவனாக வேலை பார்த்தவனுக்கு
முதல் முறை வலித்ததைப் பார்த்தேன்.

நீட்டிய கையை மூடினான்.
குத்தினான்.
அது டைரியில் இல்லை.

கயிற்றைப் பார்ப்பதுபோல் குனிந்து
"என்னடா பண்றே" என்றேன்.
"அவங்க கேக்கறதக் குடுக்கறேன்"
தேவசகாயத்தின் கழுத்தை இறுக்கிக்கொண்டே.
"தோள் மெதுவா", இது தேவசகாயம்.
"சரிண்ணே", இது புயல்.
வெளியே ஒரு பெண்
செருப்பைக் கழற்றிவிட்டாள்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல.
தாம்பரத்தில் விழுந்த அதே விழுதல்தான்.
இங்கே ஒவ்வொன்றுக்கும்
மைதானம் கீழே போய் மேலே வந்தது.
அடித்தது இவர்கள்,
வலியைப் போட்டது அவர்கள்.
பன்னிரண்டாம் நிமிடம் சுறா எழுந்தபோது
வண்டிமேல் நின்ற ஒருவன்
மாதாவே என்று தலையில் கைவைத்தான்.

திரை ஓரம் பார்த்தேன்.
முடிவை மாற்றலாம் என்றால்
மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார்.
கழற்றுங்கள், கழற்றுங்கள் தாயே.
சேலைத் தலைப்பால் துடைக்கக்கூட இல்லை.
ஒருமுறை சொல்லியிருக்கிறார்:
"வந்த பஸ்ஸப் பத்தி எவன் பேசுறான்?
வராத பஸ்ஸப் பத்திதான் பேச்சு."

முழங்கை விழுந்தது.
ஒன்று.
கூட்டம் என்னோடு எண்ணவில்லை,
வேணாம் வேணாம் என்றது.
இரண்டு.
என் கை மேலே போய்
இறங்க மறந்து நின்றது.
ஒரு நொடியைவிடக் குறைச்சல்.
அதற்குள் தேவசகாயத்தின் இடது தோள்
ஒரு நூல் எழுந்தது.
முப்பத்தொன்பது வயதுத் தோள்,
எங்கே விழச் சொன்னாலும் விழுந்த தோள்.
அவனே அதைத் திரும்பிப் பார்த்தான்.
பிறகு
மெல்லக் கீழே வைத்தான்.
மூன்று.

தண்ணீர்ப் பாக்கெட், சோடா மூடி, ஒரு நாற்காலி,
அப்புறம் அந்தச் செருப்பு, என் காதோரம்.

பதினோரு மணிக்கு டீக்கடையில்
ஒருவன் என் சட்டையைப் பிடித்தான்.
"எவ்ளோ வாங்குன?"
"நானூத்தி அம்பது."
கொஞ்ச நேரம் பார்த்தான்.
"அதுக்காய்யா?"
பிடியை விட்டான்.
என் டீக்கும் சேர்த்து அவனே காசு கொடுத்தான்.
"அடுத்து எப்போ?" என்றான்,
இன்னும் கோபமாகத்தான்.