வருகையின் நோக்கம்

களியக்காவிளைச் சந்தையில் மீன் வாங்கி
இஞ்சிவிளையில் குழம்பு வைக்கிறவன் நான்.
ஒரு நாளில் நாலு தடவை
மாநிலம் விட்டு மாநிலம் போகிறேன்.
சோதனைச் சாவடிக்காரர் கோழி லாரியை நிறுத்துவார்,
குப்பை லாரியை முகர்ந்து பார்ப்பார்,
என்னைப் பார்த்தால்
"பின்சக்கரம் உரசுது, என்னான்னு பாரும்" என்பார்.
தேய்ந்த டயருக்கு ரப்பர் ஒட்டுகிற கடை என்னுடையது.
கடை கேரளத்தில், கடையின் கக்கூஸ் தமிழ்நாட்டில்.
போன காரியத்தின் நோக்கம் என்ன என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.

கொழும்பு அப்படி இல்லை.
திருவனந்தபுரத்தில் ஏறினால்
கொடுத்த பன்னைத் தின்று முடிக்குமுன்
இறங்கச் சொல்லிவிடுகிறார்கள்.
நாகர்கோவில் பஸ் இதைவிட நேரமெடுக்கும்,
அதற்கு விசா கிடையாது.

படிவத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள்:
சுற்றுலா. வணிகம். மருத்துவம். வழிப்பயணம்.
ஏழு வயது மிதுஷாவுக்கு ஒரு கட்டம் போட
யாருக்கும் தோன்றவில்லை.
சுற்றுலா என்று தட்டினேன். முதல் முறை
கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.
நானும் மிரோஷினியும் பிரிந்த தாளில்
"தகப்பன் வந்து பார்க்கலாம்" என்று இருக்கிறது.
எந்த விசாவில் என்று வக்கீல் எழுதவில்லை.

மூன்று நாள், மிஞ்சினால் நாலு.
அதற்குமேல் பென்னட் தனியாகக் கடையைப் பார்த்தால்
வெந்த ரப்பரை வேகாதது என்பான்.

எட்டாவது முறை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
பாஸ்போர்ட்டைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினார்.
டயரைத் தடவிப் பார்த்து
எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று நான் சொல்வேனே,
அதே விரல்.
"அடிக்கடி வாறது. என்ன பாத்தது?"
சிகிரியா? இல்லை.
கண்டி? இல்லை.
யானைக்குட்டிக்குப் பால் கொடுக்கிற இடம்? இல்லை.

வத்தளையில் ஒரு பள்ளிக்கூட வாசல் பார்த்தேன்,
மணியடிக்குமுன் அங்கே வந்து நிற்கிற ஆட்டோக்கள் பதினொன்று.
பல் டாக்டரின் மீன்தொட்டி.
ஐஸ்கிரீம் கடையில் அவள் உட்காருகிற
அந்த ஒரே சிவப்பு நாற்காலி.
மாடியில் திரை விலகுவதை
நிமிராமலே தெரிந்துகொள்ள முடிகிற ஒரு சந்து.
இதெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்ல.
"பீச்" என்றேன்.
பென்சிலால் ஏதோ குறித்தார்.
அடுத்த தடவை ஹோட்டல் ரசீது கொண்டுவா,
எங்கெங்கே போவாய் என்று எழுதிக் கொண்டுவா.
குத்தினார்.

அதனால் இந்தமுறை யானை பார்க்கப் போனோம்,
அப்பாவுக்கு அத்தாட்சி வேண்டும் என்று
அவளே பையில் தொப்பி எடுத்து வைத்தாள்.
பஸ்ஸில் இரண்டு தடவை வாந்தி.
படத்தில் யானையின் பின்பாதி,
பக்கத்தில் எரிச்சலான ஒரு முகம்.
அதை பாஸ்போர்ட் உறைக்குள் வைத்திருக்கிறேன்.
இரண்டு வெள்ளைப் பக்கம் மிச்சம்.
டயர் என்றால் நானே ஒட்டிக்கொள்வேன்.

போன ஞாயிறு வீடியோவில் கேட்டாள்:
"உங்கட வீட்டுக்குப் பக்கத்தில பார்டர் இருக்கெண்டு
அம்மா சொன்னவ. காட்டுங்கோ."
போனோடு ரோட்டுக்கு வந்தேன்.
தாரின் நிறம் மாறுகிற இடத்தில்
கால் ஒன்றை அங்கேயும் ஒன்றை இங்கேயும் வைத்து நின்றேன்.
நடுவில் ஒரு நாய், நகரவில்லை.
"கோடு எங்க? ஒண்டும் தெரியேல்லையே."
குனிந்து தரையைக் காட்டினேன்.
நாயைத் தாண்டி ஒரு காய்கறி வண்டி போயிற்று.
"ஒருத்தரும் சீல் குத்தேல்லையா?"
இல்லை மக்களே, என்றேன்.
அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை,
அல்லது சிக்னல் அந்தப் பக்கத்து டவருக்கு மாறிக்கொண்டிருந்தது.
திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது,
நான் காலை எடுக்காமல் நின்றேன்.