ஒரு கதவுக்கு மட்டும்

பாக்கியநாதன் சாவியை உறையில் போட்டு
ஒட்டித்தான் கொடுத்தார்.
ஒட்டிய விதத்திலேயே தெரிந்தது
அதற்கு ஒரு பிரதி உண்டென்று.
தெரிந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா,
எப்படியும் செலவு ஒன்றுதான்.

உபியில் ஐந்தாம் மாடி.
இந்தப் பக்கம் கார் இருக்கைக்கு உறை தைப்பவர்,
அந்தப் பக்கம் யாரும் திறந்து பார்த்திராத ஷட்டர்,
நடுவில் நாங்கள், பொய்ப்பல் செய்பவர்கள்.
மூன்று பேர், ஒரு கதவு,
அலமாரி நிறையப் பிளாஸ்டர் வாய்கள்
பெயரும் தேதியும் எழுதி.

ஹைருல் மதியம் வந்து
மாதிரிகளை மேசையில் பரப்பினார்.
"கம்ப்யூட்டர் வேண்டாம் பாஸ், நெட்வொர்க் வேண்டாம்.
இந்தக் கதவு யாரை விடணும் என்று
இந்தக் கதவே ஞாபகம் வைத்துக்கொள்ளும்."
யார் எத்தனை மணிக்கு வந்தார் என்று சொல்லுமா?
"சொல்லாது. அதற்கு விலை வேறு."
நல்லது. திரு கோ தினமும் ஒன்பது நிமிடம் தாமதம்;
இதைச் சொல்ல ஓர் இயந்திரம் எதற்கு?

எண்பலகை மலிவு.
ஆனால் கீழ்மாடி அச்சகத்தின் பலகையை
லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன்.
இரண்டும் ஐந்தும் எட்டும் தேய்ந்து பளபளக்க
மற்ற ஏழும் கடையில் வாங்கியபடியே இருக்கும்.
ரகசியத்தை விரல்களே எழுதி வைத்துவிட்டன.

அட்டையில் இரண்டு வகை.
ஒன்றைச் சாவிக்கடையிலேயே பிரதி எடுத்துவிடலாம்,
மற்றதை அவ்வளவு சுலபத்தில் முடியாது.
மூன்று வெள்ளி வித்தியாசம்.
தொலைந்தால்?
"எது யாருடையது என்று எழுதி வைத்திருந்தால்
அந்த ஒன்றை மட்டும் அழிக்கலாம்.
எழுதவில்லையென்றால்
எல்லோரையும் அழித்துவிட்டு முதலிலிருந்து."
நான் அந்த உறையைப் பார்த்தேன்.

அப்படியானால் கைரேகைதான் என்றேன்.
விரலை யார் பிரதி எடுப்பார்கள்?
தண்டார் வைத்தாள். சிவப்பு.
துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு.
திரு கோவின் கட்டைவிரலை
இயந்திரம் வெகுநேரம் யோசித்தது. சிவப்பு.
எனக்கு யோசிக்கவேகூட இல்லை.
ஹைருல் தன் விரலை வைத்துக் காட்டினார். பச்சை.
என் கூடத்துக்குள் நுழையத் தகுதியுள்ளவர்
அவர் ஒருவர்தான்.

பிளாஸ்டரும் மெருகுத்தூளும் தின்றுவிட்டிருக்கின்றன.
ஊரார் வாயின் ஒவ்வொரு மடிப்பையும்
மயிரிழை பிசகாமல் அச்செடுத்த கைகளில்
அச்சு இல்லை.
"வங்கிக்குள் புகுந்தாலும் பிடிக்க முடியாது," என்று சிரித்தார் திரு கோ.
அப்போதும் கையை விரித்துப்
பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

கடைசியில் பூட்டு. காந்தமா, நாக்கா?
மின்சாரம் போனால் காந்தம் விட்டுவிடும்,
நாக்கு விடாது.
நாக்கு என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
உலைப்பக்கமிருந்து தண்டார் கேட்டாள்:
"ராத்திரி தீப்பிடித்தால்
உள்ளே இருப்பவர்?"

காலையிலிருந்து நான்
வெளியே நிற்கும் ஒருவரைப் பற்றி மட்டுமே
யோசித்துக்கொண்டிருந்தேன்.
ராத்திரி உலையோடு தனியாக இருப்பவள் அவள்.
ஹைருல் பையில் துழாவி ஒரு கைப்பிடியை எடுத்தார்.
"இது உள்பக்கம்.
மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்
அழுத்தினால் திறக்கும். அட்டை, எண் எதுவும் கேட்காது."
தண்டார் எழுந்து வந்து
நான்கு முறை அழுத்திப் பார்த்தாள்.
இதுவே என்றேன்.

மூன்று அட்டைகள். ஒரு பயிற்சிப் புத்தகம்:
ஒன்று கோ, இரண்டு தண்டார், மூன்று நான்.
நான்காம் வரியில் பேனா சற்று நின்றது.

சனிக்கிழமை மணி அடித்தது.
பாக்கியநாதன். காபிக் குவளையை மறந்துவிட்டாராம்.
உள்ளிருந்து கைப்பிடியை அழுத்தித் திறந்தேன்.
பழைய சாவித் துவாரத்தின் மேல் அடித்திருந்த தகட்டை
விரலால் ஒருமுறை தடவினார்.
"அட்டையா?"
"அட்டை."
"நல்லதுதான்," என்றார்.
கை கால்சட்டைப் பைக்குள் போனது.
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெளியே வந்தது
கைக்குட்டை.