இரட்டை முடிச்சு

தீயணைப்பு வண்டியை மழையில் நிறுத்திவிட்டு
அது நின்ற இடத்தில் எனக்கு மேசை போட்டிருக்கிறார்கள்.
சிலியின் தெற்கு, சிலோவே தீவு, ஆகஸ்டுக் குளிர்.
காலை எட்டுக்கே பதினேழு நாய்கள்,
விறகுக்கூடையில் ஒரு பூனை,
தலையணை உறைக்குள் இன்னொன்று.
எல்லாம் பெண்.

நொல்ஃபா குவென்தெயோ மூன்றாவது ஆள்.
சிப்பி உரித்து வெடித்த விரல்கள்.
கயிற்றின் மறுமுனையில் செனீசா:
சாம்பல் நிறம், பதினான்கு கிலோ,
வயது ஐந்தோ ஆறோ, யார் எழுதி வைத்தார்கள்.

படிவத்தை வாசித்துக் காட்டினேன்.
மயக்க மருந்து கொடுத்தால் சில எழுவதில்லை.
உள்ளே கட்டிய நூல் நழுவினால் ரத்தம் கசியும்.
எடை ஏறும், தீனியைக் குறைக்க வேண்டும்.
வயதாக ஆகத் தூக்கத்தில் படுக்கை நனையலாம்.

"எனக்கே இருமினால் நனைகிறது" என்றாள்.
"ஏழு பிள்ளை. மேலே படி."

மேலே படித்தேன்.
கருப்பையில் சீழ் பிடித்துச் சாகாது.
மடியில் வரும் கட்டிக்கு,
முதல் பருவத்துக்கு முன்பே வந்திருந்தால்
பெரிதாகச் சொல்லியிருப்பேன்.
இப்போது, கொஞ்சம் பயன்.
அந்தக் 'கொஞ்ச'த்தை எவ்வளவு என்று கேட்டாள்.
எனக்கும் தெரியாது என்றேன்.

"குட்டி?"
"இனி இல்லை."
"அதை முதலில் சொல்ல வேண்டாமா"
என்று பேனாவைப் பிடுங்கினாள்.

வாசிக்காமல் விட்டது ஒன்று உண்டு.
மார்ச் மாதம், கெயோன் துறைமுகம், முனேக்கா, ஆறு கிலோ.
எந்தத் தவறும் நடக்கவில்லை, இதயம் நின்றது.
துணியில் சுற்றிக் கொடுத்தபோது
கழுத்துப்பட்டை எங்கே என்று அந்தப் பையன் கேட்டான்.
அது அவன் கையில்தான் இருந்தது.

தொப்புளுக்குக் கீழே மூன்று விரற்கடை.
கொக்கி விட்டுத் தூக்கினேன்.
மெலிந்த குழாய் வர வேண்டிய இடத்தில்
கோத்த மணிபோல் வந்தது.
ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு.
இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் இரண்டு.

இதற்காகவே படிவத்தில் ஏழாவது வரி இருக்கிறது.
அவள் கையெழுத்து அதன்மேல் ஏறித்தான் இறங்குகிறது.
இருந்தாலும்,
யாஸ்னாவிடம் மூச்சைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு
கையுறைக் கைகளை உயர்த்தி, எதையும் தொடாமல்,
சரணடைந்த கைதிபோல் வாசலுக்கு வந்தேன்.

"சினையாக இருக்கிறது. ஐந்து.
இப்படியே தைத்து மூடவும் முடியும்."

நொல்ஃபா என்னைப் பார்க்கவில்லை.
சிவப்பு வண்டியின்மேல் வழியும் மழையைப் பார்த்தாள்.

"போன வருஷம் ஆறு.
மாவு மூட்டை. நான்தான் கட்டினேன்.
அவிழ்ந்துவிடக் கூடாதென்று இரட்டை முடிச்சு.
படகுத்துறைக்கு அப்பால் நல்ல ஆழம்.
திரும்பி வந்தால், இவள்
மூன்று நாள் படகையே முகர்ந்துகொண்டிருந்தாள்."

மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.
"இந்த முறை நீ கட்டு."

கட்டினேன்.
சினை நாளம், வழக்கத்தைவிடத் தடிப்பு.
ஒரு முடிச்சு போதாது, அதன்மேல் இன்னொன்று.
பிடியைத் தளர்த்திப் பார்த்தேன், கசியவில்லை.
மறுபடி பார்த்தேன்.
வாளியில் விழுந்த சத்தம் சின்னதுதான்.
யாஸ்னா ரேடியோவைக் கூட்டி வைத்தாள்:
காற்று அதிகம், துறைமுகம் மூடியிருக்கிறது.

மதியம் இரண்டுக்குச் செனீசா தலை தூக்கினாள்.
பின்னங்கால் பின்ன, நான்கடி நடந்து,
வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நின்றாள்.
பத்து நாள் நக்க விடாதீர்கள்,
காயம் வீங்கினால் ஆளனுப்புங்கள் என்றேன்.
நொல்ஃபா தன் கம்பளிச் சால்வையை அவள்மேல் சுற்றி
ஆட்டுக்குட்டியைப்போல் தூக்கினாள்.

தூக்கும் முன் நாய் கழுத்தை வளைத்து
தன் வயிற்றை ஒருமுறை முகர்ந்தது.
படகை முகர்ந்ததுபோலத்தானா?
தெரியாது, அன்று நான் அங்கே இல்லை.

யாஸ்னா, நான்காவதை எடை போடு.