எட்டாம் நம்பர்

ஜும்ஆ முடிந்து படியிறங்கினேன்.
என் சிலிப்பர் இல்லை.
மூன்றாம் படியில், தூணை ஒட்டி, நான் விட்ட அதே இடத்தில்
அதே கறுப்பு, அதே வார்,
அதே பன்னிரண்டு வெள்ளிச் சரக்கு ஒரு ஜோடி.
என்னுடையது ஏழாம் நம்பர். இது எட்டு.
என்னுடையதில் இடது குதி தேய்ந்திருக்கும்.
இதில் விலைச்சீட்டின் பசைகூட இன்னும் போகவில்லை.

மஸ்ஜித் இந்தியா தெருவில் இரண்டு மணித் தார்
யார் பாதத்துக்கும் ஃபத்வா கேட்டு ஆறுவதில்லை.

பிறர் பொருளைத் தொடாதே.
ஐந்து வயதில் பிரம்போடு சேர்ந்து வந்த வரி.
மாங்காய்க்குப் பொருந்தியது, பென்சிலுக்கு,
பக்கத்து வீட்டு சைக்கிளுக்கு.
மாறிப்போன செருப்புக்கு அதை
எந்தக் காலில் மாட்டுவது?

மறதியில் எடுத்தவன் என்றால்
இது அவன் விட்டுப்போன ஈடு.
என்னுடையதை எடுத்தவன் ஒருவன்,
இதை விட்டவன் வேறொருவன் என்றால்
உள்ளே இன்னும் சுன்னத்துத் தொழுதுகொண்டிருக்கும்
யாரோ ஒருவனின் நடையை நான் களவாடுகிறேன்.

காத்திருந்தேன். கூட்டம் வடிந்தது.
கடைசியாக வந்த வங்காளதேசத்துப் பையன்
பூட்ஸ் மாட்டிக்கொண்டு போனான்.
முதலாளி மூன்று தரம் போன் அடித்துவிட்டார்.
போட்டுக்கொண்டேன்.
கடன், என்று வாய்விட்டுச் சொன்னேன்.
சாட்சிக்கு இரண்டு புறாக்கள்.

கடையில் சேலை மடித்துக்கொண்டே தனகோடி சிரித்தாள்.
"செருப்பு தொலைஞ்சா பீடை தொலைஞ்சதுன்னு
எங்க கோயில்ல சொல்வாங்க அண்ணே."
சரிதான்.
அப்படியென்றால் நான் போட்டிருப்பது
எவனோ தொலைத்த பீடையா,
அதுவும் ஒரு சைஸ் பெரிதாக?

அஸருக்குப் போய் அதே படியில் வைத்தேன்.
தொழுது வந்தேன். அங்கேயே இருந்தது.
சனியும் வைத்தேன். ஞாயிறும்.
ஃபௌசியா சொன்னாள்,
"கிடந்த பொருளை ஒரு வருஷம் அறிவிக்கணுமாம்.
அந்த ரப்பர் ஒரு வருஷம் தாங்குமா,
அதையும் யாரிடமாவது கேட்டுட்டு வாங்க."
கேட்கவில்லை.
கேட்டால் பதில் கிடைத்துவிடும் என்ற பயம்.

புதன்கிழமை மழை.
படியில் எட்டாம் நம்பர் இல்லை.
நான் காத்த அமானிதத்தை
உரியவன் எடுத்துப்போனானா,
இல்லை, என்னிடமே இரண்டாம் தரம் திருடினார்களா?
என்னுடையதே அல்லாத ஒன்றுக்கு
'என்னிடம்' என்று சொல்ல
எனக்கு எப்போது வாய் வந்தது?

வெறுங்காலோடு நடந்தேன். தார் குளிர்ந்திருந்தது.
தெருமுனையில் குடை விற்பவன் கடையை மூடாப்புக்குள் இழுத்தான்.
அவன் காலில் கறுப்பு சிலிப்பர்.
குதிகால் அரை விரல் வெளியே தொங்க,
இடது பக்கம் தேய்ந்து.

தேய்ந்த இடது குதி
இந்த ஊரில் எனக்கு மட்டும்தானா?
அவனுடைய எட்டைத் தொலைத்தவன் நானா?
ஐந்து நாளாக அவனும்
ஏழாம் நம்பருக்குள் காலைத் திணித்துக்கொண்டு
இதே வரியைத்தான் சொல்லிப் பார்க்கிறானா?

அவன் என் முகத்தைப் பார்த்தான்,
பிறகு காலை.
நானும் பார்த்தேன்.
ஒரு சொல் கேட்டால் போதும்,
எங்களில் ஒருவன் திருடனாகிவிடுவான்.

குடை எவ்வளவு, என்றேன்.