நாலு இடைவெளி

இந்த மொழியில் வரிகளைக் கட்டிவைக்க அடைப்புக்குறி இல்லை.
எது எதற்குள் அடங்கும் என்பதை
வரிக்கு முன்னால் விடுகிற வெறுமைதான் சொல்லும்.
    நாலு இடைவெளி உள்ளே வந்தால்
    மேலே நிற்கிற நிபந்தனைக்குக் கட்டுப்பட்டாய்.
வெளியே வந்தால் உன்பாடு.
ஒன்று குறைந்தாலும் ஓடாமல் நின்றுவிடும்,
மிச்சக் காசுக்காக நூறாம் நம்பர் பஸ்ஸை
கொண்டக்டர் நிற்பாட்டி வைக்கிற மாதிரி.

கொம்பனித்தெரு, ஏழாம் மாடி.
கண்ணாடிக்குக் கீழே பேர வாவி, பாசிப் பச்சை.
என் கோடைத் திருத்துகிற இமேஷா சொல்வாள்:
ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தி இதை வாசிப்பாள்,
அவளுக்குத் தலையிடி,
உன்னை அவளுக்குத் தெரியாது,
அவளுக்கு எழுது.
அவள் சொன்னது சிங்களத்தில்.
நான் விளங்கிக்கொண்டது தமிழில்.
இரண்டு பேரும் எழுதியது ஆங்கிலத்தில்.

எனக்கோ அப்போது கெட்டித்தனத்தில் ஆசை.
ஐந்து வரியை ஒரு வரியாக மடிப்பேன்,
சூட்கேஸின் மேல் ஏறி உட்கார்ந்து
சிப்பை இழுக்கிற மாதிரி.
திறக்கிறவர் முகத்தில் என்ன தெறிக்கும்
என்று யோசித்ததில்லை.

போன செவ்வாய் ஒரு முறைப்பாடு வந்தது.
செட்டியார் தெரு அடகுக் கம்பெனி.
புளூமெண்டால் வீதி ஜெயசோதியின் சங்கிலி
ஏலத்தில் போய்விட்டது.
கவுண்டரில் அவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்கள்:
"எனக்கு ஒரு மெசேஜும் வரல்லையே."

தேடினேன். பத்து மணி, பதினொன்று,
துப்புரவு செய்கிற அண்ணா என் காலடியைக் கூட்டிவிட்டுப் போனார்.
பிறகு அது இருந்தது, இவ்வளவுதான்:

முயன்று பார்:
    பெயரை எடு, செய்தியை அனுப்பு
பிழை வந்தால்:
    பாஸ்

பாஸ் என்றால் இந்த மொழியில்
ஒன்றும் செய்யாதே, அடுத்ததுக்குப் போ.
(எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு ஞாபகங்கள்.
அதை இங்கே எழுதவில்லை.)

படிவத்தில் பெயரைத் தமிழில் எழுதியவர்கள்
நாற்பத்தொரு பேர்.
ஒவ்வொரு பெயரிலும் இயந்திரம் தடக்கியது.
ஒவ்வொரு முறையும் எழும்பி, தூசு தட்டி,
யாரிடமும் சொல்லாமல் நடந்தது.
லொக்கில் ஒரு வரி இல்லை.
பச்சை விளக்கு. எல்லாம் சுகம்.

எழுதியது யார் என்று கேட்டால் கோப்பு சொல்லும்.
திகதி: கரண்ட் வெட்டின வருஷம், ஒரு வியாழன்.
பெயர்: மயூரதி.
நான்.

ஞாபகம் வந்தது. யூபிஎஸ் கீச்சிட்டுக்கொண்டிருந்தது,
இன்னும் ஆறு நிமிஷம்,
பிறகு வந்து சரி செய்யலாம் என்று வைத்தேன்.
சோதித்தும் பார்த்தேன்.
என் சொந்தப் பெயரைப் போட்டு.
ஆங்கிலத்தில்.

இமேஷாவுக்கு அனுப்பினேன். நெடுநேரம் ஒன்றும் இல்லை.
பிறகு: "நான்தானே அப்ரூவ் பண்ணியது."
அவளும் அன்றைக்கு யூபிஎஸ்ஸைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

கோடைப் பழைய நிலைக்குத் திருப்ப ஒரு கட்டளை போதும்.
உருக்கின சங்கிலிக்கு அப்படி ஒன்று இல்லை.
நாற்பத்தொரு பெயரையும் கம்பெனிக்கு எழுதினேன்,
என்ன நடந்தது, யார் செய்தது,
சுற்றி வளைக்காமல், வரிக்கு ஒரு விஷயமாக.
பதில் இன்னும் வரவில்லை.

இப்போது அந்த இடத்தில் பதினொரு வரி.
மந்தமான வரிகள். யாரும் மெச்சமாட்டார்கள்.
எந்தப் பெயர், எந்த எழுத்து, என்ன கோளாறு
என்று உரத்துச் சொல்லிவிட்டு நிற்கும்.
எழுத்தைத் திருத்துகிற வேலை நாளைக்கு.
முதலில் இதைப் பார்க்கவேண்டும்.

ரெண்டு மணி. தலையிடி.
பெயர் என்ற கட்டத்தில்
    மயூரதி
என்று தமிழில் அடித்தேன்.

திரை முழுக்கச் சிவப்பு.
போன் அலறியது, மேசை அதிர,
இமேஷாவின் போனும்
தெஹிவளையில் அலறியிருக்கும்.

நல்லது.
கத்து.