சுங்கை மெராவ், கணக்கெடுப்பு

பலகை இன்னும் ரப்பர் தோட்டம் என்கிறது;
நிற்பதெல்லாம் செம்பனை.
'முதன்மைத் தொழில்' கட்டத்தில்
எதை நம்பி எழுத?

கிளினிக் செவ்வாயும் வியாழனும்.
காய்ச்சலுக்குக் கிழமை தெரியாது.
தமிழ்ப்பள்ளியில் பதினோரு பிள்ளைகள், ஒன்பது ஆசிரியர்கள்.
இன்று இரண்டு பேர் வரவில்லை;
எந்தப் பக்கத்தில் என்று தலைமையாசிரியர் சொல்லவில்லை.

எட்டாம் லயத்தில் ரஃபிகுல்
பாதிக் கதவு திறந்து "ஆறு பேர்" என்றான்.
வாசலில் பதினோரு ஜோடிச் செருப்பு.
ஆறு என்றே எழுதினேன்.

கடைசி வீடு, சந்திரவேணி.
நைட் ஷிப்ட் முடிந்து
அப்போதுதான் பூட்டில் சாவி திருப்பினாள்.
நேற்றிரவு இந்த வீட்டில் தூங்கியவர் எத்தனை பேர்?
(கேள்வியை நான் எழுதவில்லை, அக்கா.)
வீட்டுக்காரர் பாலம் தாண்டி சிங்கப்பூரில்,
பையன் பெட்ரோல் நிலையத்தில், அவள் கையுறைத் தொழிற்சாலையில்.
"பூனை தூங்குச்சு. எழுதிக்குங்க."

டேப்லெட் பூஜ்யத்தை ஏற்கவில்லை.
'காலி வீடா? ஆம், இல்லை' என்று
சிவப்பில் மின்னியது.

கொடியில் மூன்று சட்டைகள்,
மூன்று கம்பெனிப் பெயர்கள்.
சட்டென்று மழை.
டேப்லெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு
நானும் ஓடினேன்,
பெட்ரோல் நிலையத்துச் சட்டையை எடுக்க.